ஒரு பக்கம் மட்டும் உள்ள மலை: மல்பேயிலிருந்து மகாபலேஷ்வர் வரை

திங்கள், மல்பே

இந்த வாரம் முழுக்க மேற்குத் தொடர்ச்சி மலையின் கடல் பக்கமாகவே போவதாகத் திட்டம். உடுப்பியில் ஆரம்பித்து ஆகும்பே, ஜோக், கார்வார், அப்புறம் கோவாவைத் தாண்டி மகாராஷ்டிரத்து மகாபலேஷ்வர் வரைக்கும். எனக்குச் சொந்த ஊர் தென்காசி. இதே மலையை வீட்டு மொட்டைமாடியில் நின்று பார்த்து வளர்ந்தவன்தான், ஆனால் அது கிழக்குப் பக்கம், அங்கே கொட்டித் தீர்த்த மழையில் மிச்சம் மீதி கணவாய் வழியாகச் சாரலாக வந்து விழும் பக்கம். மழை நேராக வந்து முட்டும் பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப காலமாக ஆசை. மனைவியின் தம்பி மணிப்பாலில் வேலை பார்க்கிறான், கார் வைத்திருக்கிறான், "லீவு போட்டுட்டேன், கிளம்பி வாங்க அத்தான்" என்று சொல்லிவிட்டான், வந்தாயிற்று.

மலையைப் பார்க்க வந்தவன் முதல் நாளே படகு ஏறித் தீவுக்குப் போனதற்குக் காரணம் இருக்கிறது. மல்பே மீன்பிடித் துறைமுகத்திலிருந்து அரை மணி நேரம் போனால் செயின்ட் மேரீஸ் தீவுகள். மழைக்காலத்தில் படகு விடமாட்டார்கள், இப்போது நவம்பர் என்பதால் கூட்டமான கூட்டம். வாஸ்கோடகாமா 1498-ல் இங்கே இறங்கிச் சிலுவை நட்டு மேரி மாதா பெயரை வைத்தார் என்று ஒரு கதை உண்டு. வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் போட்டோ எடுக்கிறார்கள், காவலர் விசில் ஊதுகிறார், திரும்பிவிடுகிறார்கள். அவர்கள் ஏறி நின்று போஸ் கொடுக்கும் கல்தான் நான் பார்க்க வந்த விஷயம்.

கரையெல்லாம் செங்குத்தான கல் தூண்கள். ஐந்து பட்டை, ஆறு பட்டை, சிலது ஏழு பட்டை, ஒன்றோடு ஒன்று இடைவெளி இல்லாமல் ஒட்டி நிற்கின்றன. யாரோ உளி வைத்துச் செதுக்கி அடுக்கியது போலத் தெரியும், ஆனால் எரிமலைக் குழம்பு ஆறிச் சுருங்கும்போது தானாக விரிசல் விட்டு உண்டான வடிவம். பக்கத்தில் போய்த் தொட்டுப் பார்த்தேன், விளிம்பு இன்னும் கூர்மையாகத்தான் இருக்கிறது, அடியில் சிப்பி ஒட்டிக்கொண்டு காலைக் கிழிக்கிறது, கரையில் மணலுக்குப் பதிலாக உடைந்த கிளிஞ்சல் பரவிக் கிடக்கிறது.

இந்தக் கல்லுக்கு வயது சுமார் 8.8 கோடி வருடம். அப்போது மடகாஸ்கர் இந்தியாவோடு ஒட்டியிருந்தது. இரண்டும் பிய்ந்து விலகிய சமயத்தில் பூமிக்கு அடியிலிருந்து பொங்கி வந்த குழம்புதான் இங்கே தூணாக நிற்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் கதைக்கும் இதுதான் முதல் அத்தியாயம். நிலத்தைப் பிய்த்தால் பிய்ந்த ஓரம் ஒன்று இருக்கும் இல்லையா, அந்த ஓரம் உயர்ந்து நின்றது. கடலோரத்தில் இருந்த அந்தச் செங்குத்துச் சரிவு கோடிக்கணக்கான வருட மழையில் அரிபட்டு அரிபட்டுக் கிழக்கே பின்வாங்கி இப்போது இருக்கிற இடத்தில் நிற்கிறது என்பது நிலவியலாளர்கள் பெரும்பாலும் தரும் விளக்கம். பின்வாங்கிய தூரம்தான் கடற்கரைச் சமவெளி, இந்த ஊர்க்காரர்கள் கராவளி என்கிறார்கள். மங்களூரும் உடுப்பியும் உட்கார்ந்திருப்பது ஒரு காலத்தில் மலை நின்ற இடத்தில்.

ராத்திரி கிழங்கான் மீனை ரவையில் புரட்டிப் பொரித்துக் கொடுத்தார்கள். அதைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம், இப்போது தூக்கம் வருகிறது.

செவ்வாய், ஆகும்பே

உடுப்பியிலிருந்து ஹெப்ரி வழியாக சோமேஷ்வர் வரைக்கும் சாலை சமதளமாகத்தான் போகிறது. ரப்பர் தோட்டம், பாக்குத் தோட்டம், முந்திரி, நடுநடுவே செம்புரைக்கல்லை வெட்டியெடுத்த குழிகள். குமரி மாவட்டத்துக்காரர்கள் வெட்டுக்கல் என்று சொல்வார்களே அதே கல்தான், இங்கே பாதி வீடுகளுக்குச் சுவரே அதுதான். சோமேஷ்வர் தாண்டியதும் எதிரே சுவர். மலை மெதுவாக ஆரம்பிப்பது, சின்னக் குன்று, கொஞ்சம் பெரிய குன்று என்று வளர்வது, அந்தக் கதையெல்லாம் இல்லை. காடு மூடிய சுவர் ஒன்று திடீரென்று எழும்பி நிற்கிறது, சாலை அதில் 14 கொண்டை ஊசி வளைவு போட்டு ஏறுகிறது. பெரிய லாரிக்கும் பஸ்ஸுக்கும் அனுமதி கிடையாது, மினி பஸ்தான்.

மேலே ஏறி முடித்ததும், ஏறின மாதிரி இறங்க வேண்டும் என்று என் உடம்பு எதிர்பார்க்கிறது. நம்ம பக்கம் அப்படித்தானே? செங்கோட்டையில் ஏறினால் ஆரியங்காவு தாண்டிக் கேரளத்துக்குள் இறங்கியாக வேண்டும், மலைக்கு இரண்டு பக்கம் உண்டு. இங்கே இறக்கமே வரவில்லை. ஆகும்பேயிலிருந்து கிழக்கே தீர்த்தஹள்ளிக்குப் போகிற சாலை மேடும் பள்ளமுமாகக் காட்டுக்குள்ளும் வயலுக்குள்ளும் போய்க்கொண்டே இருக்கிறது. மைத்துனன் சிரிக்கிறான், "இறங்கவே மாட்டோம் அத்தான், இப்படியே பெங்களூர் வரைக்கும் மேலேயேதான்."

விஷயம் அதுதான். ஆகும்பே உயரம் 640 மீட்டர் சொச்சம், பெங்களூர் 900. தக்காணப் பீடபூமியின் மேற்கு ஓரம் ஒடிந்து கீழே இறங்குகிற இடத்தைத்தான் கீழே நிற்கிறவன் மலை என்கிறான். தெருவில் நிற்கிறவனுக்குத் திண்ணை உயரமாகத் தெரியும், வீட்டுக்குள்ளிருந்து வருகிறவனுக்கு அது தரைதான். முழு மேற்குத் தொடர்ச்சிக்கும் இது பொருந்தாது, சொல்லிவிடுகிறேன். தெற்கே நீலகிரி, ஆனைமலை, நம்ம பொதிகை எல்லாம் நாலு பக்கமும் எழும்பி நிற்கிற நிஜ மலைகள், ஆனைமுடி 2695 மீட்டர். ஆனால் கர்நாடகத்தின் இந்தப் பகுதியிலிருந்து வடக்கே தபதி ஆறு வரைக்கும் பெரும்பாலும் ஒரு பக்க மலைதான்.

இந்த உயரத்தில் ஊட்டிக் குளிரை எதிர்பார்த்துப் போர்வை தூக்கி வருகிறவர்கள் ஏமாறுவார்கள். இங்கே உயரத்தைவிடச் செங்குத்துதான் பெரிய விஷயம். அரபிக் கடலிலிருந்து ஈரத்தோடு வருகிற தென்மேற்குக் காற்றுக்கு 50 கிலோமீட்டர் தூரத்துக்குத் தடையே இல்லை, அப்புறம் ஒரேயடியாகச் சுவர். ஏறியே ஆக வேண்டும், ஏறினால் குளிரும், குளிர்ந்தால் கொட்டும். வருடச் சராசரி 7600 மில்லிமீட்டர் அளவுக்கு. சென்னைக்கு ஒரு வருடத்தில் 1400 என்று வைத்துக்கொண்டால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 1946 ஆகஸ்ட் மாதம் மட்டும் இங்கே பெய்தது 4508 மில்லிமீட்டர். இதே மழை கிழக்கே போகப்போக வற்றிச் சித்ரதுர்காவில் 600-க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. திண்ணை ஓரத்தில் வெள்ளம், வீட்டுக்குள் வறட்சி.

மதியம் ஒரு பாக்குத் தோட்டத்து வீட்டு முற்றத்தில் நின்று வெகுநேரம் வேடிக்கை பார்த்தோம். அறுவடை நேரம். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, பலகையில் பதித்த வளைந்த கத்தியில் பச்சைப் பாக்கை அழுத்தித் தோலை உரிக்கிறார்கள், ஒரு காய்க்கு இரண்டு அழுத்து, பேச்சு மட்டும் நிற்பதே இல்லை. உரித்ததைப் பெரிய அண்டாவில் போட்டுச் சிவப்புச் சாற்றில் வேகவைக்கிறார்கள். முந்தைய அவியல்களில் இறங்கிக் கெட்டிப்பட்ட சாறு, சொகரு என்று பெயர், அதுதான் பாக்குக்கு நிறம் கொடுக்கிறது. அப்புறம் வெயிலில் காயப்போடுகிறார்கள். இது மலெநாடு என்கிற இந்த மேட்டுப் பக்கத்து வழக்கம். நேற்று கீழே கராவளியில் பார்த்தது வேறு, அங்கே பழுத்த பாக்கை அப்படியே தோலோடு வாரக்கணக்கில் காயவைத்து வெள்ளைப் பாக்காக உரித்தெடுக்கிறார்கள். மழைக்காலத்தில் அழுகல் நோய் வந்தால் குலை குலையாகக் கொட்டிவிடும், அதற்காக மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து மரத்து உச்சிக்கு அடிக்க வேண்டும், வழுக்குகிற மரத்தில் மழை விடும் நேரம் பார்த்து ஏற ஆள் கிடைப்பதில்லை என்று வீட்டுப் பெரியவர் சொன்னார். கன்னடத்தில் சொன்னார், மைத்துனன் எனக்குச் சொன்னான்.

ராஜநாகத்துக்குப் பேர்போன காடு இது. ரோமுலஸ் விட்டேக்கர் 2005-ல் ஆரம்பித்த ஆராய்ச்சி நிலையம் இங்கேதான். எங்களுக்குப் பாம்பு கண்ணில் படவில்லை, அட்டைதான் பட்டது, அதுவும் காலில்.

இன்னொன்றையும் எழுதாமல் தூங்க முடியாது. இங்கிருந்து தெற்கே குதிரேமுக் பக்கம் வராஹ பர்வதத்தில் கங்காமூலா என்ற இடத்தில் துங்கா, பத்ரா, நேத்ராவதி மூன்றும் பிறப்பதாகச் சொல்வார்கள். நேத்ராவதி மேற்கே விழுந்து மங்களூரில் கடலைச் சேர்ந்துவிடும். துங்காவும் பத்ராவும் கிழக்கே திரும்பி, சேர்ந்து, கிருஷ்ணாவில் கலந்து, ஆந்திராவைக் கடந்து வங்காள விரிகுடாவுக்குப் போகின்றன. பக்கத்திலேயே ஒரு கடல் இருக்கும்போது அதற்கு முதுகைக் காட்டிவிட்டு இந்தியாவின் அகலம் முழுக்க நடக்கின்றன. ஓரம் தூக்கியிருக்கிறது, தரை கிழக்கே சாய்ந்திருக்கிறது, தண்ணீர் சாய்ந்த பக்கம் போகிறது. குடகில் தலைக்காவிரியில் பிறக்கிற தண்ணீர் பூம்புகாருக்கு வருவதும் இந்தச் சாய்வினால்தான். அது மட்டும் மறுபக்கம் சாய்ந்திருந்தால் தஞ்சாவூரில் என்ன விளைந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே படுத்தேன்.

புதன், ஜோக்

தீர்த்தஹள்ளி, சாகர் வழியாக ஜோக். நாள் முழுக்க மேலேயே ஓடினோம், மலை ஏறிய உணர்வே இல்லை.

ஷராவதி ஆறு தீர்த்தஹள்ளி அருகே அம்புதீர்த்தத்தில் பிறந்து வடக்கு நோக்கிச் சமர்த்தாகப் பீடபூமி மேல் ஓடுகிறது, அப்புறம் மேற்கே திரும்புகிறது, ஜோக்கில் தரை முடிந்துவிடுகிறது, 253 மீட்டர் கீழே விழுகிறது. ராஜா, ராணி, ரோரர், ராக்கெட் என்று நாலு தாரை. நவம்பரில் தண்ணீர் குறைவு, நாலும் தனித்தனியாகத் தெரிந்தன, ராஜா மட்டும் பாறையைத் தொடாமல் நேராக இறங்கியது. ஆகஸ்டில் வந்தால் வெறும் பனிமூட்டமும் சத்தமும்தான் என்றார் சோளக்கதிர் விற்கிறவர்.

மேற்கே பாயும் ஆறுகள் குட்டையானவை, ஆனால் முரட்டுத்தனமானவை. சுவரை அரித்து அரித்து ஓடையின் தலைப்பகுதி பின்னோக்கி ஏறுகிறது, ஒரு கட்டத்தில் மேலே கிழக்கு நோக்கி ஓடிக்கொண்டிருக்கிற ஓடையை எட்டிப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. ஆறு ஆற்றைத் திருடுகிற இந்த வேலை சுவர் நெடுகிலும் மெதுவாக நடந்துகொண்டிருக்கிறது.

மனிதன் செய்ததைச் சொல்ல வேண்டும். அருவிக்கு மேலே லிங்கனமக்கி அணை, 1964. கர்நாடகத்துக்கு ஆயிரம் மெகாவாட்டுக்கு மேல் தருகிற மின்நிலையம் இந்தத் தண்ணீரில்தான் ஓடுகிறது. அணை கட்டியபோது பள்ளத்தாக்கு முழுகி, மேட்டில் இருந்த ஊர்கள் தீவு போலத் துண்டாகிவிட்டன. சிகந்தூர் பக்கத்து ஜனங்கள் அறுபது வருடம் லாஞ்சில்தான் போய்வந்தார்கள். பிரசவத்துக்கும் லாஞ்ச், பரீட்சைக்கும் லாஞ்ச், சாயந்திரம் கடைசி லாஞ்சை விட்டால் கரையில்தான் படுக்கை. 2025 ஜூலையில் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளமான பாலம் ஒன்றைத் திறந்தார்கள். பாலத்தில் நின்று செல்ஃபி எடுக்கிறவர்கள் கூட்டம் இன்று அருவியைவிட அதிகம். அணைக்காக நிலத்தைக் கொடுத்துவிட்டுப் போன குடும்பங்களில் பலருக்கு, குடியேற்றிய இடத்தில் பட்டா விவகாரம் இன்னும் தீரவில்லை. மாநிலத்துக்கு வெளிச்சம் கொடுத்தவர்களுக்கு நிலத்துக்குக் காகிதம் கொடுக்க அறுபது வருடம் போதவில்லை என்றால் என்னவென்று சொல்ல.

வியாழன், கார்வார்

ஜோக்கிலிருந்து ஹொன்னாவருக்கு இறங்குகிற சாலை முழுக்கக் காடு. சிங்கவால் குரங்கு வடக்கே இந்தப் பக்கத்துக் காடுகள் வரைக்கும்தான் வாழ்கிறது. களக்காடு, வால்பாறையில் நாம் பார்க்கிற அதே குரங்கு. மழை வடக்கேயும் உண்டு, ஆனால் வடக்கே போகப்போக மழை இல்லாத மாதங்கள் நீள்கின்றன, வருடம் பூராவும் பழம் தருகிற பசுமைமாறாக் காடு அதைத் தாங்குவதில்லை.

கீழே கேருசொப்பா. பதினாறாம் நூற்றாண்டில் இங்கே ஆண்ட சென்னபைராதேவியைப் போர்ச்சுக்கீசியர் மிளகு ராணி என்றுதான் குறிப்பிட்டார்கள். மிளகு சுவரின் ஈரத்தில் விளைந்தது, ஆறு துறைமுகத்துக்குக் கொண்டுபோனது, ராணி நடுவில் உட்கார்ந்திருந்தாள். ஹொன்னாவரில் ஷராவதி கடலைத் தொடும் இடத்தில் ரயில் பாலம் மட்டும் இரண்டு கிலோமீட்டர் நீளம். அத்தனை அகலமான முகத்துவாரம், ஆனால் காவிரி, கிருஷ்ணா மாதிரி டெல்டா கிடையாது. குட்டை ஆறு, வண்டல் சேர்த்துப் பரப்ப அவகாசமில்லை, கடல்தான் உள்ளே வந்து நிற்கிறது.

ஹொன்னாவரிலிருந்து வடக்கே 66-ஆம் எண் நெடுஞ்சாலையில் போகப்போகச் சமவெளி ஒடுங்கிக்கொண்டே வருகிறது. அங்கோலா தாண்டினால் வலது கைப்பக்கம் மலை, இடது கைப்பக்கம் கடல். கார்வாரில் மலை நேராகக் கடலுக்குள்ளேயே இறங்கிவிடுகிறது. சுவர் எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் பின்வாங்கவில்லை, காளி ஆறு மாதிரி ஆறுகள் ஆழமாகக் குடைந்துகொண்டு உள்ளே போக, நடுவில் இருந்த பாறை முதுகுகள் கடல் வரைக்கும் நீட்டிக்கொண்டு நின்றுவிட்டன. அதனால்தான் இது நல்ல இயற்கைத் துறைமுகம், கடற்படைத் தளமும் இங்கே வந்தது. தாகூர் தன் இருபத்து சொச்சம் வயதில் கொஞ்ச காலம் இங்கே இருந்திருக்கிறார், கடற்கரைக்கு அவர் பெயர்.

அழகாக இருக்கிறது என்று எழுதிவிட்டு நிறுத்தலாம், ஆனால் வருகிற வழியில் ஷிரூரைக் கடந்தோம். 2024 ஜூலை 16-ஆம் தேதி காலை, பெருமழையில், மலைச்சரிவு அப்படியே சாலை மேல் இறங்கிய இடம். சாலையோர டீக்கடை, அதை நடத்திய குடும்பம், டீ குடிக்க நின்ற லாரிக்காரர்கள், எல்லாவற்றையும் கங்காவளி ஆற்றுக்குள் தள்ளியது. எதிர்க்கரை உளுவரே கிராமத்து வீடுகளையும் தண்ணீர் எழும்பி அடித்தது. போனவர்களில் தமிழ்நாட்டு ஓட்டுநரும் உண்டு. கேரளத்து லாரி ஒன்றை ஆற்றிலிருந்து ஓட்டுநரின் உடலோடு எடுக்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது.

அந்த வெட்டுச்சரிவை வண்டியை நிறுத்திப் பார்த்தோம். மேலே செம்புரைக்கல், கீழே சிவப்பும் மஞ்சளும் வெள்ளையுமாகக் களிமண், பாறையே மக்கி மண்ணாகிப் பல மீட்டர் ஆழத்துக்குக் கிடக்கிறது. மேல் கல் துளைதுளையாக இருப்பதால் மழையை உள்ளே விட்டுவிடும், களிமண்ணில் அது தேங்கிக் கனக்கும். இப்படிப்பட்ட சரிவின் காலடியைச் சாலைக்காக வெட்டியெடுத்தால் அது எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? நாலு வழிச்சாலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அந்தச் சாலையில்தான் நானும் வந்தேன். ஆனால் இந்த மண்ணை ஒரு மழைக்காலம் முழுக்க நின்று பார்த்த யாரும் இவ்வளவு செங்குத்தாக வெட்டியிருக்கமாட்டார்கள்.

கார்வாரில் காளி ஆற்றுப் பழைய பாலமும் அதே வருடம் ஆகஸ்டில் ஒரு நள்ளிரவில் இடிந்து விழுந்தது. ஆற்றில் விழுந்த லாரியின் ஓட்டுநர் நம்ம ஊர்ப்பக்கத்துக்காரர், தமிழ்நாடு. லாரிக்கு மேலே ஏறி நின்றிருக்கிறார், மீனவர்களும் போலீசும் காப்பாற்றிவிட்டார்கள்.

மைத்துனன் நாளைக்குத் திரும்புகிறான். இனி ரயில், பஸ்.

வெள்ளி, அம்போலி

காலையில் கார்வாரில் கொங்கண் ரயில். இந்தப் பாதை முழுதாகத் திறந்தது 1998-ல். மும்பையிலிருந்து புனேக்குச் சுவரில் ஏறும் போர்காட் ரயில் பாதையை வெள்ளைக்காரன் 1863-லேயே போட்டுவிட்டான், கடலோரமாகச் சமதளத்தில் போட மட்டும் நூற்று முப்பத்து சொச்சம் வருடம் கூடுதலாக ஆகியிருக்கிறது. சமதளம் என்பது வரைபடத்தில்தான். சுவரிலிருந்து கடலுக்கு ஓடுகிற ஒவ்வொரு ஓடையும் குறுக்கே வருகிறது, இரண்டு ஓடைக்கு நடுவே ஒரு பாறை முதுகு. பாலம், சுரங்கம், பாலம், சுரங்கம். 740 கிலோமீட்டர் பாதையில் 90-க்கு மேல் சுரங்கங்கள், சுமார் 2000 பாலங்கள். கோவாவின் வடக்கே பெர்ணேம் சுரங்கம் கெட்டியான பாறை கிடைக்காமல் களிமண்ணிலேயே குடைந்தது, கட்டும்போதே படுத்தி எடுத்தது, 2024 ஜூலையில் தண்ணீர் கசிந்து ரயிலையே நிறுத்தியது. சரக்கு ரயில் ஒன்று எதிரே வந்தது, திறந்த வேகன் மேலே வரிசையாக லாரிகள், லாரிக்குள் ஓட்டுநர்கள் காலை நீட்டிப் படுத்திருக்கிறார்கள். ரோரோ என்று 1999-லிருந்து ஓடுகிறது. ஷிரூரைப் பார்த்துவிட்டு வந்த எனக்கு அதைப் பார்க்க நிம்மதியாக இருந்தது.

சாவந்த்வாடியில் இறங்கி பஸ் பிடித்து அம்போலி ஏறும்போது கல் மாறிவிட்டது. நேற்று வரைக்கும் பார்த்தது சாம்பல் நிறப் பழைய பாறை, இருநூறு கோடி வருடத்துக்கும் மேற்பட்டது. இங்கே கறுப்பு. தக்காணத்தின் எரிமலைப் பாறை, சுமார் 6.6 கோடி வருடத்துக்கு முன்னால் அடுக்கடுக்காக வழிந்து உறைந்தது. கெட்டியான அடுக்கு செங்குத்தாக நிற்கும், அதற்கடுத்த மெத்தென்ற அடுக்கு சரிவாக இறங்கும், மறுபடி செங்குத்து. வெட்டின இடத்திலெல்லாம் படிக்கட்டு தெரிகிறது.

எனக்கு இந்தப் பயணத்தில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான். கல் அடியோடு மாறிவிட்டது, வயது மாறிவிட்டது, பிறந்த விதமே வேறு. சுவர் மட்டும் மாறவில்லை, அதே கோட்டில், அதே மாதிரி மேற்கே பார்த்துக்கொண்டு போகிறது. கல்லின் குணத்தால் வந்த மலையாக இருந்தால் கல்லோடு சேர்ந்து அதுவும் மாறியிருக்க வேண்டும். கண்டம் உடைந்த ஓரம் என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி எனக்குத் தேவைப்படவில்லை, பஸ் ஜன்னலிலேயே கிடைத்துவிட்டது.

அம்போலியும் ஆகும்பேக்கு இணையாக நனைகிற ஊர். ஹிரண்யகேசி ஆறு ஒரு குகையிலிருந்து, கோயிலுக்குப் பின்னாலிருந்து வருகிறது. கடல் கூப்பிடு தூரம் என்று சொல்லலாம், ஆனாலும் வழக்கம்போலக் கிழக்கேதான் போகிறது. கோயில் குளத்தில் விரல் நீளம்கூட இல்லாத அயிரை வகை மீன் ஒன்று 2020-ல் அறிவியலுக்குப் புதிதாகத் தெரியவந்தது, ஆற்றின் பெயரையே அதற்கு வைத்தார்கள், அடுத்த வருடம் மகாராஷ்டிர அரசு அந்த இடத்தைப் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. சுவரின் ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு தனி மழை, அதற்கென்று ஒரு தனி மீன்.

சனி, சாத்தாரா

பஸ், பஸ், பஸ். ஆஜ்ரா, கோலாப்பூர், சாத்தாரா. கரும்பு, சோளம், கறுப்பு மண். இடது பக்கம் தூரத்தில் தட்டையான சில குன்றுகள், அவ்வளவுதான் மேற்குத் தொடர்ச்சி மலை. உலகப் பாரம்பரியச் சின்னம் என்று 2012-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏற்றிய மலை, இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள்.

சாத்தாரா மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் மகாபலேஷ்வரில் 5500 மில்லிமீட்டருக்கு மேல் மழை. அதே மாவட்டத்தின் கிழக்கே மாண் தாலுக்காவில் 500 அளவுக்கு. ஒரே கலெக்டர், வெள்ள நிவாரணமும் வறட்சி நிவாரணமும்.

கோய்னா அணை இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. கோய்னா கிழக்கே போகிற ஆறு, கிருஷ்ணாவின் கிளை. அதை மறித்து, மலைக்கு அடியில் சுரங்கம் போட்டு, தண்ணீரை மேற்கே திருப்பிச் சுவருக்குக் கீழே தள்ளி 1960 மெகாவாட் எடுக்கிறார்கள். மின்சாரம் எடுத்த தண்ணீர் அரபிக் கடலுக்குப் போய்விடுகிறது. ஓடை திருடுகிற வேலையை மனிதன் சீக்கிரமாகச் செய்திருக்கிறான். 1967 டிசம்பர் 11-ல் அங்கே வந்த நிலநடுக்கத்தில் ஏராளமானவர்கள் செத்தார்கள், நீர்த்தேக்கத்தின் கனம் நிலநடுக்கத்தைத் தூண்டுமா என்று உலகம் முழுக்கப் படிக்கிறவர்களுக்கு இன்றைக்கும் கோய்னாதான் பாடம்.

ஞாயிறு, மகாபலேஷ்வர்

ஸ்ட்ராபெர்ரி, குதிரை, கூட்டம், டிராஃபிக். பழைய மகாபலேஷ்வரில் பஞ்சகங்கா கோயில் மட்டும் போதும் என்று ஆட்டோ பிடித்தேன். கல் பசுவின் வாயிலிருந்து தண்ணீர் விழுகிறது. கிருஷ்ணா, வேணா, கோய்னா, காயத்ரி, சாவித்ரி என்று ஐந்து ஆறுகள் அங்கே சேர்ந்து வருவதாக நம்பிக்கை. இதில் சாவித்ரி மேற்கே குதித்து நேரே கடலுக்குப் போகிறது. கிருஷ்ணா பிறக்கும் இடத்துக்கும் அரபிக் கடலுக்கும் 64 கிலோமீட்டர்தான், ஆனால் அது போய்ச் சேர்வது ஆந்திரக் கடற்கரையில், 1300 கிலோமீட்டருக்கு மேல் நடந்து. சென்னையில் குழாயில் கிருஷ்ணா நீர் என்று வருகிறதே, அதன் தலை இங்கே. ஒரு சொம்பு பிடித்துக் குடித்தேன், சில்லென்று இருந்தது, அதற்கு மேல் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

ஆர்தர் சீட் என்கிற முனையில் காற்று கீழேயிருந்து மேலே அடிக்கிறது. காலுக்கடியில் கறுப்புப் பாறை அடுக்கடுக்காக இறங்குகிறது, கீழே சாவித்ரிப் பள்ளத்தாக்கு, அதற்கப்புறம் கொங்கண் என்கிற கடலோரச் சமவெளி. தென்மேற்கே பிரதாப்கட் கோட்டை. 1656-ல் சிவாஜி கட்டியது, பீஜப்பூர் தளபதி அப்சல்கானைக் கொன்ற இடம். மேலே தட்டை, பக்கமெல்லாம் செங்குத்து, கோட்டைச் சுவரில் பாதியை எரிமலையே கட்டிவைத்திருக்கிறது. மராட்டியர் கோட்டைகள் ஏன் இந்த வரிசையில் இவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்று இங்கே நின்றால் யாரும் விளக்கத் தேவையில்லை.

ஊருக்குத் திரும்ப அம்பேனளி காட் வழியாகப் போலாத்பூருக்கு இறங்கி, கேட் (Khed) என்கிற ஊர் ஸ்டேஷனில் தெற்கே போகும் ரயில். போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். மழையைப் பார்க்க ஜூலை, நிலத்தைப் பார்க்க நவம்பர், இரண்டும் ஒரே பயணத்தில் கிடைக்காது. மல்பே படகு வேண்டுமென்றால் ஜூனிலிருந்து செப்டம்பர் வரைக்கும் போகாதீர்கள். ஆகும்பேக்கு உப்புப் பொட்டலம் எடுத்துக்கொள்ளுங்கள், அட்டைக்கு. அப்புறம் கொங்கண் ரயிலில் வடக்கே போகும்போது கடல் தெரியும் என்று எல்லோரும் இடது பக்க ஜன்னலுக்கு அடித்துக்கொள்கிறார்கள், கடல் அநேகமாகத் தெரியாது, முகத்துவாரம்தான் தெரியும். வலது பக்கம் உட்காருங்கள், சுவர் கூடவே வரும்.